ஜே. சி. டேனியல்

ஜே. சி. டேனியல் (ஜோசப் செல்லையா டேனியல், நவம்பர் 28, 1900 - ஏப்ரல் 27, 1975) மலையாளத் திரைப்படத்துறையின் தந்தை எனக் கருதப்படுபவர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தைச் சேர்ந்தவர். கேரளத்தில் எடுக்கப்பட்ட முதல் திரைப்படமான விகதகுமாரன் என்னும் ஊமைப்படத்தை எழுதி, தயாரித்து, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, அதன் நாயகனாகவும் நடித்தார். கேரள அரசு ஆண்டுதோறும் வழங்கும் திரைப்பட விருதுகளில் வாழ்நாள் சாதனைக்கான உயரிய விருது இவர் பெயரால் அமைந்தது. எனினும் இவர் உயிருடன் இருந்தபோது, வறுமைக்காக இவர் கேட்ட உதவித்தொகையை அவ்வரசு மறுத்தது.

இளமை

வசதியான நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த டேனியல், திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பை முடித்தார். களரிப்பயிற்று முதலிய தற்காப்புக் கலைகளில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். வாள்வீச்சுக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் நூலொன்றும் எழுதினார். இக்கலைகளைப் பரப்பச் சினிமாவே ஏற்ற கருவி என்னும் எண்ணமே இவரை அத்துறைக்குக் கொண்டு சென்றது. சென்னைக்கும் பின்னர் மும்பைக்கும் சென்று படப்பிடிப்பு முறைகளைக் கற்றார். 1926 இல் தம் நிலத்தை விற்று, திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேசனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். விற்ற தொகை ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய் என்பர். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை.

விகதகுமாரன்

தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான நடராஜ முதலியாரின் கீசகவதம் புராணக்கதை. அக்காலப் படங்கள் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. டேனியல் சமூகக் கதையைத் தேர்ந்தது துணிச்சலான செயல் என்றே கூறவேண்டும். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மகன் இலங்கைக்குக் கடத்தப்பட்டு, தோட்டத் தொழிலாளியாக வளர்வதே கதை. தம் மகனையே சிறுவன் வேடத்தில் நடிக்க வைத்தார்.

மும்பையிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமற் போகவே, நாட்டார் நாடகங்களில் நடித்துவந்த பி. கே. ரோசி என்னும் தலித் பெண்ணை நாயகியாக்கினார். அவர் ஏற்றது நாயர் குலப் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை படத்தைத் தொடங்கி வைத்தார். வெளியான நாள் நவம்பர் 7, 1928 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அக்டோபர் 23, 1930 என்பர். தலித் பெண்ணொருத்தி உயர்சாதிப் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாதவர்கள் கல்லெறிந்து திரையைக் கிழித்தனர். ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. அவர் நாகர்கோவிலுக்குத் தப்பிச் சென்று, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, தாம் நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்தார்.

படம் வேறு சில ஊர்களிலும் காட்டப்பட்டது. ஆயினும் போட்ட பணம் திரும்பவில்லை. டேனியல் கருவிகளை விற்று நிலையத்தை மூடினார். படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை.

பிற்காலம்

பின்னர் பல் மருத்துவம் கற்றுப் பாளையங்கோட்டையில் தொழில் நடத்தினார். நடிகர் பி. யு. சின்னப்பாவின் தூண்டுதலால் மீண்டும் படமெடுக்கச் சென்னை சென்று, சேர்த்ததையும் இழந்தார் என்பர். இறுதிக்காலத்தை அகத்தீசுவரத்திலேயே கழித்தார்.

மறக்கப்பட்டிருந்த இவரை வெளியுலகுக்கு அறிவித்தவர் மலையாள இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். 1960களில் டேனியலைக் கண்டு தொடர்ந்து எழுதியதோடு, கேரள அரசின் உதவித்தொகைக்காகவும் முயன்றார். டேனியல் தமிழ்நாட்டில் பிறந்து அங்கேயே வாழ்பவர். எனவே அம்மாநில அரசையே அணுகவேண்டும் என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. படமெடுத்த காலத்தில் அகத்தீசுவரமும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தவை. நவம்பர் 1, 1956 அன்று மொழிவாரி எல்லை வகுக்கப்பட்டு அகத்தீசுவரம் வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. டேனியல் இடம் மாறவில்லை, எல்லைதான் மாறியது. எடுத்தது ஊமைப்படமாகையால் மொழியைக் காட்டி உரிமை கோரவும் வழி குறைவு. பிறப்பிடம்தான் அளவுகோல் எனில், முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கேரள மாநிலத் திரைப்பட விருதுகள் 1969 முதல் வழங்கப்படுகின்றன. அதன்பின் டேனியல் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தும் எவ்விருதும் பெறவில்லை.

பெயரில் விருது

1992 இல் ஜே. சி. டேனியல் விருது நிறுவப்பட்டது. முதலில் பெற்றவர் தயாரிப்பாளர் டி. இ. வாசுதேவன். தமிழ் வாசகர் நன்கறிந்த பாடகர்கள் யேசுதாசும் பி. ஜெயச்சந்திரனும், நடிகை ஷீலாவும் பின்னர் இதனைப் பெற்றனர். 1998 இல் அமைக்கப்பட்ட கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி இவ்விருதுகளை நடத்துகிறது. டேனியலின் வாழ்வைக் கூறும் செல்லுலாயிட் என்னும் கமலின் படம், 2012 ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்னும் கேரள மாநில விருதைப் பெற்றது. டேனியலாக நடித்த பிருத்விராஜ் அவ்வாண்டின் சிறந்த நடிகரானார். ரோசியின் பெயரில் 2022 இல் சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கியது.