கடலுக்கும் முறை வைத்தவர்: ஷெர்லி அமரசிங்கவின் வாழ்வு நமக்குச் சொல்வது



மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் நம் ஊர்களில் முதலில் எழும் கேள்வி, தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான். கல்லணையில் பிரிகின்ற தண்ணீர் ஆறுகளையும் வாய்க்கால்களையும் கடந்து பேராவூரணிப் பக்கத்திலும் வேதாரண்யம் பக்கத்திலும் உள்ள கடைசி வயலுக்கு வரவேண்டும். தலைமடையில் உள்ளவர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்காவிட்டால் கடைமடையில் நாற்று காய்ந்துபோகும். இதனால்தான் நம் முன்னோர் முறை வைத்தார்கள். வாய்க்கால் பொதுச் சொத்து. எனவே அதைத் தூர்வாருவதும் காப்பதும் எல்லாருடைய கடமை என்றார்கள்.

நம் ஆறுகள் சென்று சேரும் கடலுக்கு முறை வைப்பவர் யார்? கரையோரக் கடலுக்கு அரசுகள் இருக்கின்றன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் மீன் அழிந்தால், ஆமை மடிந்தால், கேட்பவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடும் அவையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தலைமை இருக்கையில் அமர்ந்தவர் ஒரு இலங்கையர். கோடியக்கரைக்கு அக்கரையிலுள்ள தீவில் பிறந்த ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க அவர்களின் வாழ்வை இன்று சிந்திப்போம்.

அரசு ஊழியராய்த் தொடங்கிய பயணம்

அமரசிங்க 1913ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். அங்குள்ள ராயல் கல்லூரியில் படித்தார். பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் கற்றது சட்டமோ கடலியலோ அல்ல, மேலைநாட்டுப் பழம்பெரும் இலக்கியங்கள். 1937ஆம் ஆண்டு இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்தார்.

அவர் வகித்த பொறுப்புகளில் ஒன்று நம் டெல்டா மக்களின் மனத்துக்கு நெருக்கமானது. 1950களின் தொடக்கத்தில் கல்லோயா அபிவிருத்திச் சபையில் பணிபுரிந்தார். ஆற்றை அணையிட்டுத் தேக்கி வயல்களுக்கு நீர் பகிர்ந்தளிக்கும் பெரிய திட்டம் அது. தண்ணீரைப் பங்கிடுவது எவ்வளவு கடினம் என்பதை அத்திட்டத்தில் பணியாற்றிய எவரும் அறிந்திருப்பர். 1956இல் அதே கல்லோயாவில் இனக் கலவரத்தில் தமிழர்கள் உயிரிழந்த துயரத்தையும் நாம் மறப்பதற்கில்லை. மண்ணையும் நீரையும் பகிர்வதில் நீதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

பிறகு நிதி அமைச்சகச் செயலராக உயர்ந்தார். 1963 முதல் 1967 வரை இந்தியாவுக்கான இலங்கைத் தூதராகப் புதுதில்லியில் இருந்தார். நேபாளத்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் சேர்த்து அவரே தூதர். இவ்விரு நாடுகளுக்கும் கடற்கரையே கிடையாது. கடலின் பலனில் இப்படிப்பட்ட நாடுகளுக்கும் பங்குண்டா என்ற கேள்வி பின்னாளில் அவர் முன் பெரிதாய் நின்றது.

1967: ஒரு சிறு தீவின் குரல்

1967ஆம் ஆண்டு அவர் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியானார். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், மால்டா நாட்டின் தூதர் அர்விட் பார்டோ அங்கே நீண்டதோர் உரை ஆற்றினார். திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறியதாக நாம் விவிலியத்தில் படிக்கும் அதே மால்டாதான். ஆழ்கடல் அடியில் உலோகக் கட்டிகள் கிடக்கின்றன, தொழில்நுட்பம் உள்ள பணக்கார நாடுகள் மட்டும் அவற்றை அள்ளிக்கொள்ளும் நாள் வந்துவிடும், ஆகவே அதை மனித குலம் அனைத்துக்கும் பொதுவான சொத்தாக அறிவிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

பொதுச் சொத்து என்று சொல்வது எளிது. அதற்கு விதி எழுதுவது கடினம். அந்தக் கடினமான வேலைக்கு அமைக்கப்பட்ட குழுவுக்கு 1968இல் அமரசிங்க தலைவரானார். 1970 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடித் தளம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் அறிவித்தது. 1973 டிசம்பரில் ஐ.நா.வின் மூன்றாம் கடற்சட்ட மாநாடு கூடியபோது அதற்கும் அவரையே தலைவராகத் தேர்ந்தார்கள். 1976இல் ஐ.நா. பொதுச்சபையின் தலைவர் பதவியும் அவரை நாடி வந்தது.

வாக்கெடுப்பு வேண்டாம், பேசுவோம்

மாநாட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை. மீன்வளம் மிக்க நாடு தன் கடலை அகலப்படுத்தக் கேட்டது. போர்க்கப்பல் உள்ள நாடு நீரிணைகளில் வழி கேட்டது. கடலில்லா நாடு துறைமுகத்துக்குப் பாதை கேட்டது. ஏழை நாடுகள் எண்ணிக்கையில் மிகுதி. வாக்கெடுப்பு என்றால் அவையே வென்றிருக்கும். ஆனால் கப்பலும் பணமும் வைத்திருந்த நாடுகள் வெளியேறியிருக்கும். அப்படிக் கிடைக்கும் வெற்றி ஏட்டோடு நின்றுபோகும்.

எனவே 1974இல் மாநாடு ஒரு நெறியை ஏற்றது. எல்லாரும் ஏற்கும் முடிவுக்காக எல்லா வழிகளிலும் முயலவேண்டும், அதற்குமுன் வாக்கெடுப்பு கூடாது. மேலும், எந்தப் பகுதியும் தனியாக முடிவாகாது, அனைத்தும் ஒரே ஒப்பந்தமாக வரும். ஒன்றில் விட்டுக்கொடுத்தவர் இன்னொன்றில் பெறலாம். நம் கடற்கரைக் கிராமங்களில் ஊர்க்கூட்டம் ஒரே இரவில் முடியாமல் மறுநாளும் தொடர்வதுண்டு. தோற்றுப்போனேன் என்று யாரும் கசப்போடு வீட்டுக்குப் போகக்கூடாது என்பதே அதன் நோக்கம். அதே பொறுமையை உலக நாடுகளிடம் கேட்டார் அமரசிங்க. பேச்சு முடங்கியபோது, 1975இல், குழுத் தலைவர்களே ஒரு வரைவை எழுதி முன்வைக்க அவர் வழிசெய்தார். வெறும் உரைகள் குறைந்து, வரிவரியாகத் திருத்தும் வேலை தொடங்கியது.

1977இல் இலங்கையில் ஆட்சி மாறியது. 1978இல் ஜெனீவாவில் மாநாடு கூடியபோது இலங்கைத் தூதுக்குழுவில் அவர் இடம்பெறவில்லை. தன் நாட்டுக் குழுவிலேயே இல்லாதவர் மாநாட்டுத் தலைவராக இருக்கலாமா என்று சில நாடுகள், குறிப்பாக லத்தீன் அமெரிக்க நாடுகள், எதிர்த்தன. நாள்கணக்கில் வாதம் நடந்தது. இறுதியில் மாநாடு அவரையே தலைவராக உறுதிசெய்தது. நாட்டின் பிரதிநிதி என்ற பலம் இல்லாமலே, அவை வைத்த நம்பிக்கை ஒன்றைக் கொண்டு அவர் அந்த இருக்கையில் தொடர்ந்தார்.

அறுவடையைக் காணாத உழவர்

1980 ஆகஸ்டில் ஒப்பந்த வரைவு ஏறத்தாழ முழு வடிவம் பெற்றது. அடுத்த ஆண்டே கையெழுத்தாகும் எனப் பலரும் நம்பினர். ஆனால் 1980ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அமரசிங்க காலமானார். 1981இல் அமெரிக்காவின் புதிய அரசு வரைவை மறுபடியும் ஆராயவேண்டும் என்றது. சிங்கப்பூரின் டாமி கோ தலைமைப் பொறுப்பை ஏற்று முடித்துவைத்தார். 1982 ஏப்ரல் 30ஆம் நாள், இறுதியில் தவிர்க்க முடியாமல் நடந்த வாக்கெடுப்பில் 130 நாடுகள் ஆதரித்தன, 4 நாடுகள் எதிர்த்தன, 17 நாடுகள் விலகி நின்றன. எதிர்த்த நான்கில் அமெரிக்காவும் ஒன்று. அந்த டிசம்பர் 10ஆம் நாள் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் முதல் நாளிலேயே 119 தரப்புகள் கையெழுத்திட்டன.

ஒப்பந்தம் 1994 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் இணைந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் நாட்டின் கடல், 200 கடல் மைல் வரை அந்நாட்டின் பொருளாதார மண்டலம், அதற்கு அப்பால் பெருங்கடல் என்ற கணக்கு இதில் உறுதிப்பட்டது. அமரசிங்கவின் நினைவாக, கடற்சட்டம் பயில்வோருக்கு ஐ.நா. ஓர் உதவித்தொகையை 1981இல் ஏற்படுத்தியது.

விட்டுப்போன வேலை

குறையையும் சொல்ல வேண்டும். பொதுச் சொத்து என்ற பெயர் கடலடியில் கிடக்கும் தாதுக்களுக்கு மட்டுமே கிடைத்தது. பெருங்கடலில் வாழும் உயிர்களைக் காக்கும் கடமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது, ஆனால் அதை நிறைவேற்றும் வழி தெளிவாகச் சொல்லப்படவில்லை. உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாடுகளின் எல்லைக்கு வெளியே உள்ளது. அங்கே ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என அறிவித்து எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் அவை எதுவும் இல்லாமல் இருந்தது.

ஆங்காங்கே முயற்சிகள் நடந்தன. 1979இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. 2016இல் அண்டார்டிக் கடல் உயிர்வளங்களைக் காக்கும் ஆணையம் ராஸ் கடலில் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்க முடிவெடுத்தது. இந்தியாவும் உறுப்பினராக உள்ள அந்த ஆணையத்தில் ஒரு நாடு மறுத்தாலும் முடிவு நிற்காது. பல ஆண்டுகள் பேசித்தான் அனைவரும் இணங்கினர். ஒருமித்த முடிவின் பலமும் அதன் தாமதமும் இங்கே ஒருசேரத் தெரிகின்றன.

கடைசியில் 2023 ஜூன் 19ஆம் நாள், பெருங்கடல் உயிர்வளத்துக்கான தனி ஒப்பந்தத்தை ஐ.நா. ஏற்றது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அறுபது நாடுகளின் ஒப்புதல் 2025 செப்டம்பரில் நிறைவுற, 2026 ஜனவரி 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி பெருங்கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை நாடுகள் கூடி அறிவிக்கலாம். முதலில் ஒருமித்த முடிவுக்கு முயலவேண்டும். முடியாவிட்டால் வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரவு போதும். அமரசிங்கவின் அவை கற்ற பாடம், அதன் தாமதத்துக்கு ஒரு மருந்துடன், இங்கே தொடர்கிறது.

நமக்கு என்ன?

இது நியூயார்க்கில் நடப்பது, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. பாக் நீரிணை குறுகியது. அங்கே பெருங்கடல் இல்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலை இரு நாடுகளுக்கும் பங்கிட்டன. கச்சத்தீவில் புனித அந்தோனியார் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் வலி தெரியும். இழுவைப் படகுகளை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறுங்கள் என்று 2017இலேயே அரசு மானியத் திட்டம் அறிவித்தது. அந்தச் சூரை மீன் எல்லை பார்த்து நீந்துவதில்லை. பெருங்கடலில் அது அள்ளப்பட்டால், கடன் வாங்கிப் படகு கட்டும் நம் மீனவருக்கு எது மிஞ்சும்? ஆண்டுதோறும் நாகை, கோடியக்கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் கரை ஒரு வீடு, கடல் ஒரு வீடு.

மறுபக்கமும் உண்டு. தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. நம் மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அந்தச் சாதுவான உயிர் வாழவேண்டும். அதோடு, பாதுகாப்பு என்ற சொல் கேட்டதும் தொழில் போய்விடுமோ என்று அஞ்சும் குடும்பத்தின் குரலும் கேட்கப்பட வேண்டும். காக்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. முடிவெடுக்கும் இடத்தில் கடைமடைக்காரரும் உட்கார்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில், பெருங்கடல்களைக் காக்கும் ஆட்சிமுறை சிதறியும் வலுவின்றியும் இருப்பதைச் சுட்டிக்காட்டியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

அமரசிங்க கப்பலோட்டியவர் அல்ல, கடல் ஆராய்ந்தவரும் அல்ல. எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருந்தவர். தாம் நட்டதன் அறுவடையை அவர் காணவில்லை. ஆனால் அவர் வைத்த முறை நிற்கிறது.

நம் ஊர் வாய்க்காலிலும், கடற்கரையிலும், பங்குப் பேரவையிலும், குடும்பத்திலும் பொதுவானதைப் பங்கிடும் வேளைகள் நமக்கும் வருகின்றன. கடைசி வயல்காரர் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருக்கிறோமா? நம் முறை முடிந்ததும் மடையை அடைக்கிறோமா? சிந்திப்போம்.