அண்டார்டிகா போகாத அன்னா மணி

போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட பைக்கில் ஏற்காடு போனோம். கிளம்பும்போது மொபைலில் பாத்தா மழை இல்லைன்னு காட்டுச்சு. இருபதாவது ஹேர்பின் பெண்டு தாண்டுறதுக்குள்ள எல்லாரும் தொப்பலா நனைஞ்சாச்சு. லேடீஸ் சீட் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கி நின்னப்போ, மழை, காத்து, வெயில் இதையெல்லாம் யாரு, எதை வெச்சு அளக்கிறாங்கன்னு பேச்சு வந்தது. ஹாஸ்டலுக்கு வந்து தேடினப்போ கிடைச்சவர்தான் அன்னா மணி. அவர் போட்ட அடித்தளம் அண்டார்டிகா வானம் வரைக்கும் போயிருக்கு.

அவரும் மலைக்காரர்தான். 1918 ஆகஸ்ட் 23 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். நம்ம சேர்வராயன் மலையில் காபி மாதிரி அங்கே ஏலக்காய். அப்பா சிவில் இன்ஜினியர், சொந்தமா ஏலத்தோட்டமும் இருந்தது. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. பையன்களுக்குப் பெரிய வேலை, பெண்களுக்குக் கல்யாணம் என்பதுதான் அந்த வீட்டுக் கணக்கு. எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தாங்க. அதை வேண்டாம்னு சொல்லிட்டு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா கேட்டு வாங்கினார்.

வைரம் அவரை விடல. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடிச்சு, 1940-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். கொடுத்த தலைப்பு வைரங்களின் ஒளிர்வு. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்கள். ஒரு ஸ்பெக்ட்ரம் போட்டோ பிளேட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும், அதனால் பல ராத்திரி லேபிலேயே போச்சு. 1942-லிருந்து 1945-க்குள் தனி ஆளா ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டை சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிச்சார். எம்.எஸ்ஸி. இல்லைன்னு சொல்லி பி.எச்டி. கொடுக்கல. ஒரு சப்ளிக்கே ரெண்டு நாள் சாப்பிடாத ஆள் நான். அஞ்சு வருஷ உழைப்பு ஒரு விதியில் போனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாத்தேன், முடியல.

அவர் இங்கிலாந்து போக அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சார். விரும்பினது இயற்பியல், கிடைச்சது வானிலைக் கருவிகள். அதையே எடுத்துக்கிட்டுக் கப்பல் ஏறினார்.

1948-ல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அப்போ சாதாரண மழைமானி, தெர்மாமீட்டர்கூட வெளிநாட்டிலிருந்துதான் வரணும். கிட்டத்தட்ட 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, இங்கேயே தயாரிக்கிற வேலை நடந்தது. 1953-க்குள் அந்தப் பிரிவுக்கே தலைவர் ஆனார். அவருக்குக் கீழே 121 பேர், அத்தனை பேரும் ஆண்கள்.

அவர் எப்படி நடத்தினார்னு கேட்டா, பதில் கேலிப்ரேஷன். தப்பா அளக்கிறதைவிட அளக்காமலே இருக்கிறது மேல் என்பது அவர் கொள்கை. லேப் ரெக்கார்டில் ரீடிங் வரலைன்னா விடையிலிருந்து பின்னாடி கணக்குப் போட்டு எழுதுற நம்ம பழக்கம் அவரிடம் ஒரு நாள்கூடச் செல்லாது. (நானும் அப்படி எழுதியிருக்கேன். மூணாவது செமஸ்டர், போலாரிமீட்டர் இல்லாத வேற எல்லா எக்ஸ்பெரிமெண்ட்டும்.) 1957–58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் நாடு முழுக்க சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைச்சார். 1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டபடி தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வுக்கூடம்.

அதே காலத்தில்தான் ஓசோன். பலூனில் கட்டி 30 கிலோமீட்டர் உயரம் வரை அனுப்புற ஓசோன்சோண்டு என்ற சின்னப் பெட்டியை அவர் குழு இந்தியாவிலேயே உருவாக்கியது. உள்ளே போற காத்தில் இருக்கும் ஓசோன், பொட்டாசியம் அயோடைடு கரைசலோட வினைபுரிஞ்சு மிகச் சின்ன மின்னோட்டம் தரும். அது ரேடியோ வழியா கீழே வரும். பலூன் வெடிச்சா பெட்டி போச்சு, திருப்பி அளந்து சரிபார்க்க முடியாது. அதனால் அனுப்புறதுக்கு முன்னாடியே எல்லாம் சரியா இருக்கணும்.

1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 1983–84-ல் மூன்றாவது இந்திய அண்டார்டிகா பயணத்தில் சுதீப்தா சென்குப்தாவும் அதிதி பந்த்தும் போனாங்க, இந்திய அண்டார்டிகா பயணத்தில் இடம்பெற்ற முதல் பெண் விஞ்ஞானிகள். அன்னா மணிக்கு அப்போ 65 வயசு. 1985-ல் ஓசோன் ஓட்டை பற்றி பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவிச்சு உலகமே பதறினப்போ, நம்ம நாட்டுக்குச் சொந்தக் கருவி இருந்தது. தட்சிண கங்கோத்ரி நிலையத்திலிருந்து இந்திய ஓசோன்சோண்டுகள் துருவ வானத்துக்குள் ஏறின.

அந்த நேரம் அவர் பெங்களூருவில் காத்து அளந்துகிட்டு இருந்தார். எங்கே காற்றாலை வைக்கலாம்னு நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் வேலை. 1994-ல் பக்கவாதம் வந்து நடமாட்டம் நின்னுபோச்சு. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். பட்டம் கிடைக்காத அந்த வைர ஆய்வேடு, பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் பைண்ட் செய்து, மற்றவங்க பி.எச்டி. ஆய்வேடுகளோடு சேர்த்து வைக்கப்பட்டது.