மௌனத்திற்குப் பின் ஒலித்த இசை

மேடையைத் துறந்து மௌனத்தில் ஆழ்ந்த பின், அதே கலையை வழிபாடாக்கியவர் கறுப்பினப் பெண்மணியான மேரி லூ வில்லியம்ஸ். ஜாஸ் இசையின் பியானோக் கலைஞரான இவர், 1910இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தார். சிறுமியாயிருந்தபோதே பிறர் இல்லங்களில் பியானோ வாசித்துப் பொருளீட்டினார். ஆண்டி கிர்க்கின் குழுவில் பியானோ வாசித்ததோடு இசையும் அமைத்தார். பென்னி குட்மன், டியூக் எலிங்டன் குழுக்களுக்கும் இசை எழுதித் தந்தார். பன்னிரு இராசிகளுக்கும் ஒவ்வோர் இசைப்பகுதி வகுத்த ‘சோடியாக் சூட்’ 1945இல் உருப்பெற்றது. மூத்தோர் பலர் ஐயுற்ற புதிய பாணியை அவர் வரவேற்றார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த அவரது இல்லம், தெலோனியஸ் மங்க், பட் பவல் முதலிய இளையோர்க்குப் பயிற்சிக்கூடமாயிற்று.

1954இல் பாரிஸில் இருந்தபோது மேடையை விட்டு விலகினார். வழிபாட்டிலும், போதைக்கு ஆட்பட்ட இசைக்கலைஞர்களைப் பேணுவதிலும் நாள்கள் கழிந்தன. 1957இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார்; அவ்வாண்டே நியூபோர்ட் விழாவில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு மீண்டும் வாசித்தார். 1975இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவரது ஜாஸ் திருப்பலியிசை ஒலித்தது. 1977 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பித்து, 1981இல் மறைந்தார். இசையற்ற மூன்றாண்டுகளே அத்திருப்பலியிசைக்கு வித்தாயின எனலாம்.