காமா பயில்வானும் நோன்பு மாதமும்

மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் பலாபத்வல. இத்தகைய ஊர்களிலே விளையாட்டுப் போட்டியும் நோன்பு மாதமும் ஒருங்கே வருங்கால், பெற்றோர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. பகல் முழுதும் பசித்திருக்கும் பிள்ளை களத்தில் நின்று ஆட இயலுமா? இவ்வையம் உடையோர் காமா பயில்வானின் வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

1878ஆம் ஆண்டு பஞ்சாபிலே, மல்லர் குடும்பமொன்றில் பிறந்தவர் குலாம் முகம்மது. காமா என்பது வழங்கு பெயர். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1888இல் ஜோத்பூர் மன்னர் நடத்திய போட்டியில் நானூறுக்கு மேற்பட்டோர் பஸ்கி எடுத்தனர். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சோர்ந்து விலக, பத்து வயதுப் பாலகர் கடைசிப் பதினைவருள் ஒருவராக நின்றார். மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார். பின்னர் ததியா அரசரின் ஆதரவில், ஆயிரக்கணக்கான தண்டாலும் பஸ்கியும் அவருடைய நாள்முறையாயின.

1910இல் காமா இலண்டன் சென்றார். உயரம் குறைவென்று முதலில் அவரைப் போட்டியிற் சேர்த்தாரில்லை. அறைகூவல் விடுத்து, அமெரிக்க மல்லர் ரோலரை வீழ்த்திய பின்னரே வழி திறந்தது. செப்டெம்பர் 10ஆம் நாள் போலந்து மல்லர் ஸ்பிஷ்கோவை எதிர்த்தார். அது ஹிஜ்ரி 1328ஆம் ஆண்டு ரமழானின் முதல் வாரம். பயணத்தில் இருப்போர் நோன்பைப் பின்னொரு நாளில் நோற்கலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. கடல் கடந்து சென்ற காமாவுக்கும் அது உரியதே. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த அப்போர் முடிவின்றி நின்றது. மறுவாரம் ஸ்பிஷ்கோ வரவில்லை. வெற்றிப் பட்டயம் காமாவைச் சேர்ந்தது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது, ஐம்பது வயதை நெருங்கிய காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார்.

பல்லாண்டு உழைப்பால் விளைந்த உரம் ஒரு மாதத்தில் அழிவதன்று. நோன்பாளியான வீரருக்கு நீர்க்குறைவும் உறக்கக்குறைவுமே பெரும் இடர் என்பது இன்றைய மருத்துவம் கூறும் உண்மை. விரைவோட்டம் போன்ற கடும் முயற்சிகள் பிற்பகலிற் சற்றுத் தளர்வதுண்டு. நோன்பு திறந்த பின் பயிற்சி செய்து, ஸஹர் உணவைத் தவறாது உண்டு, உறக்கத்தையும் பேணினால் திறன் பெரிதும் குன்றாது. 2012இல் அதே இலண்டனில் நடந்த ஒலிம்பிக் விழாவும் ரமழானிலேயே வந்தது. வீரருட் சிலர் நோன்பிருந்தனர், சிலர் ஒத்திவைத்தனர்.

1947இல் நாடு பிளவுண்டு லாகூர் கொந்தளித்தபோது, தம் தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாய் நின்றார் காமா. உடல் வலிமை எதன்பொருட்டு என்பதை உணர்ந்தவர் அவர். 1960 மே மாதத்தில் மறைந்தார்.

பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் பெற்றோர், அவன் பல மாதம் பயின்றானா, இரவில் உறங்கினானா, போதிய நீர் பருகினானா என்று கேட்டறிவாராக. அவன் நோயுற்றாலோ பயணம் மேற்கொண்டாலோ, மார்க்கம் தந்த சலுகையையும் நினைவூட்டுவாராக.