எண்களோடு வாழ்ந்த எஸ்.எஸ்.பிள்ளை

கெங்கவல்லிப் பக்கத்தில் ஒரு குடியானவர் தோப்பு வைக்க அறுபது தென்னங்கன்றுகளை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தில் எத்தனை கன்றோ அகலத்திலும் அத்தனையே இருக்கும்படி சதுரம் சதுரமாக நட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அறுபதும் ஒரே சதுரத்தில் அடங்காது. ஆனால் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை நட்டால் 36. நான்காக நான்கு வரிசை நட்டால் 16. இரண்டாக இரண்டு வரிசை இரு இடங்களில் நட்டால் 8. ஆக 60. நான்கு சதுரங்களில் கணக்கு தீர்ந்துவிட்டது.

அறுபது அல்ல, ஆறு லட்சம் கன்றுகளானாலும் நான்கு சதுரங்களுக்கு மேல் தேவைப்படாது. இதை 1770-ஆம் ஆண்டில் லக்ராஞ்சி என்ற அறிஞர் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வாரிங் என்ற பேராசிரியர் ஒரு படி மேலே போனார். சதுரத்துக்கு நான்கு என்றால், கனத்துக்கு ஒன்பது, நான்காம் அடுக்குக்குப் பத்தொன்பது, இப்படியே ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்று எழுதி வைத்தார். எழுதினாரே தவிர நிரூபிக்கவில்லை. அந்தப் புதிர் ஐரோப்பாவின் பெரிய பெரிய மூளைகளை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்தது.

அதன் பெரும் பகுதியை அவிழ்த்தவர்களில் ஒருவர் குற்றாலத்துச் சாரலில் பிறந்த தமிழர். சிதம்பரத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே அதைச் சாதித்தார். அவர்தாம் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ்.பிள்ளை என்று அறியும்.

தாயில்லாப் பிள்ளை

குற்றாலத்தை அடுத்த வல்லம் என்ற ஊரில் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி பிள்ளை பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை. தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயதானபோது தாய் கண்ணை மூடினார். தாய்முகம் அறியாத பிள்ளையைத் தந்தையே வளர்த்தார்.

செங்கோட்டைப் பள்ளியில் படித்தபோது கணக்கில் பையனுக்கு இருந்த கூர்மையைச் சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கண்டுகொண்டார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் பேரிடி விழுந்தது. தந்தையும் காலமானார். கையில் காசில்லை, ஆதரிக்க ஆளில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போயிருந்தால் யாரும் வியந்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சாஸ்திரியார்தாம். அவருடைய உதவியால் மாணவன் படிப்பை விடாமல் தொடர்ந்தான்.

பிறகு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. அங்கே ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி என்ற இரு பேராசிரியர்களின் நிழல் அவருக்குக் கிடைத்தது. ஆனந்தராவ் இங்கிலாந்தில், இராமானுஜனை உலகுக்குக் காட்டிய ஹார்டியிடமே பயின்றவர். இராமானுஜன் மறைந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

சிதம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்

1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். புதிய பல்கலைக்கழகம் பல துறை அறிஞர்களையும் தன்பால் இழுத்துக்கொண்டிருந்தது. 1931-இல் இலங்கையிலிருந்து விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். ஒரு பக்கம் சங்க நூல் ஆராய்ச்சி. மறுபக்கம் எண்களின் ஆராய்ச்சி.

ஆய்வுக்கூடம், கருவிகள் எதுவும் பிள்ளையின் ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லை. காகிதமும் பேனாவும் போதும்; பொறுமை மட்டும் கடலளவு வேண்டும். வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, மிஞ்சிய நேரத்தில் வாரிங்கின் புதிரை எடுத்துக்கொண்டார்.

அவர் செய்தது என்ன என்பதை ஆறாம் அடுக்கைக் கொண்டு பார்க்கலாம். ஓர் எண்ணை ஆறு முறை எழுதிப் பெருக்கினால் வருவது ஆறாம் அடுக்கு. ஒன்றுக்கு அது 1, இரண்டுக்கு 64, மூன்றுக்கு 729. இந்த அளவுகளில் மட்டுமே நாணயம் உண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். 703 ரூபாய் கொடுக்க வேண்டுமானால் 729 நாணயம் உதவாது. பத்து 64 கொடுத்தால் 640. மீதி 63-க்கு ஒற்றை ரூபாயாகத்தான் கொடுக்க வேண்டும். மொத்தம் 73 நாணயம். இவ்வளவு எளிது. ஆனால் எவ்வளவு பெரிய தொகையானாலும் 73 நாணயங்களுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம் என்று நிரூபிப்பதுதான் மலையைப் பிளக்கும் வேலை. தொகைகளுக்கோ முடிவே இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து மாளாது. பிள்ளை அதை 1940-இல் நிரூபித்தார்.

அதற்கு முன்பே, 1935, 1936 ஆண்டுகளில், ஏழாம் அடுக்குக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட விடையை அவர் கண்டிருந்தார். அதே சமயத்தில் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்து டிக்சன் என்ற முதுபெரும் பேராசிரியரும் தனியாக முயன்று அதே இடத்தை வந்தடைந்தார். புகழ் பெற்ற சிகாகோ எங்கே, அப்போதுதான் முளைத்த சிதம்பரம் பல்கலைக்கழகம் எங்கே! இருவர் பெயரையும் சேர்த்தே உலகம் இன்று சொல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் பிள்ளைக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கியது.

அவர் எடுத்துக்கொண்ட வேறு கேள்விகளும் சுவையானவை. அடுத்தடுத்து வரும் எண்களை எழுதினால், மற்ற எந்த எண்ணோடும் பொது வகுஎண் இல்லாமல் தனித்து நிற்கும் ஓர் எண் அவற்றுள் இருக்குமா? பதினாறு எண்கள் வரை கட்டாயம் இருக்கும் என்று காட்டினார் பிள்ளை. பதினேழானால் அந்த விதி உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களில் அப்படி ஒன்றுகூட இல்லை.

கல்கத்தாவும் கடைசிப் பயணமும்

1941-இல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மறு ஆண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. அங்கே கணிதத் துறையில் இருந்த லெவி, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த ஜெர்மானிய யூதர். அவர் பிள்ளையின் ஆற்றலை அறிந்து வரவழைத்தார்.

1950-இல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஓராண்டு தங்கி ஆராயலாம். ஐன்ஸ்டைன் வாழ்ந்த இடம் அது. அதற்கு முன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கூடும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளலாம். போரின் காரணமாகப் பதினான்கு ஆண்டுகள் கூடாதிருந்த மாநாடு அது. பிள்ளை புறப்பட்டார்.

பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் அந்த விமானம் கெய்ரோவில் இறங்கி மீண்டும் கிளம்பியது. சிறிது நேரத்துக்குள் எஞ்சினில் தீப்பிடித்தது. 1950 ஆகஸ்டு 31-ஆம் தேதி, எகிப்தின் மணல்வெளியில் விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மாநாடு தொடங்கிய மறுநாள் அது. பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது.

விட்டுச் சென்றவை

வாரிங்கின் புதிரில் ஐந்தாம் அடுக்கை 1964-இல் சீன அறிஞர் ஒருவர் முடித்தார். நான்காம் அடுக்குக்குப் பத்தொன்பது என்பதை 1986-இல் பாலசுப்பிரமணியன், பிரான்சு நாட்டு அறிஞர் இருவருடன் சேர்ந்து நிரூபித்தார். பிள்ளையின் ஆராய்ச்சிகள் எல்லாம் 2010-இல் திரட்டி வெளியிடப்பட்டபோது, அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவரும் அவரே.

பிள்ளை விட்டுச்சென்ற ஒரு கேள்வி மட்டும் இன்னும் விடை காணாமல் நிற்கிறது. 25 என்பது ஐந்தின் வர்க்கம். 27 என்பது மூன்றின் கனம். இரண்டுக்கும் வித்தியாசம் 2. இப்படி ஒரு குறிப்பிட்ட வித்தியாசத்தில் அமையும் அடுக்கெண் ஜோடிகள் எண்ணி முடிக்கக்கூடியவையே என்பது பிள்ளையின் கருத்து. வித்தியாசம் ஒன்று என்றால் 8, 9 என்ற ஒரே ஜோடிதான் என்பது 2002-இல் உறுதியாயிற்று. மற்றவற்றுக்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. உலகின் பல மூலைகளிலும் அறிஞர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெயர் உலகுக்குத் தெரிந்ததற்கு, செங்கோட்டையில் ஒரு பள்ளி ஆசிரியர் தக்க சமயத்தில் நீட்டிய கையும் காரணம். கெங்கவல்லியிலும் வல்லத்திலும் இன்றும் கடைசி பெஞ்சில் யாரோ ஒரு சிறுவன் எண்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவனைக் கண்டுகொள்ள ஒரு சாஸ்திரியார் வேண்டும்.