பிஜோய் குமார் பாசு

பிஜோய் குமார் பாசு (1912 - 1986) வங்காளத்தைச் சேர்ந்த மருத்துவர். சீன மரபு மருத்துவத்தின் ஒரு பிரிவான அக்குபங்சரைச் சீனாவில் முறையாகக் கற்று இந்தியாவில் அறிமுகப்படுத்தியவர் ஆவார்.

சீனா மீது ஜப்பான் போர் தொடுத்திருந்த காலத்தில், 1938 இல் இந்திய தேசிய காங்கிரஸ் அங்கு அனுப்பிய ஐவர் மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இவரும் இடம்பெற்றார். கோட்னிஸ் 1942 இல் சீனாவிலேயே இறந்தார். பாசு 1943 இல் நாடு திரும்பினார்.

மேலைநாட்டு மருத்துவத்தில் தேர்ந்தவராக இருந்தும், 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று மாணவரானார். உடலில் குறித்த புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செருகும் இம்முறையைப் பயின்று, 1959 இல் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) சிகிச்சையளிக்கத் தொடங்கினார். பிற மருத்துவர்களுக்கும் கற்பித்தார். இவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1996 இல் மேற்கு வங்காளம் அக்குபங்சர் மருத்துவத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.