திலகவதியார் இறக்கிவைத்த சுமை

அறுபத்துமூவர் வரிசையில் வைத்து எண்ணப்படாதவராயினும், அவ்வரிசையுள் தலைநின்ற பெரியாரொருவரைச் சைவவுலகிற்கு மீட்டுத் தந்த பெருமாட்டி திலகவதியம்மையார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், திருநாவுக்கரசு நாயனார் சரிதத்தின் முற்பகுதியாய் அம்மையார் சரிதம் அமைந்துள்ளது. உள்ளத்திற் சுமந்த துயரை இறக்கிவைத்தல் என்பதன் உண்மை யாதென ஆராயப் புகுவார்க்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை என்பது எம் துணிபு.

ஏறக்குறைய 7-ம் நூற்றாண்டில், திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாண்குலத்துக் குறுக்கையர் குடியில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் முதன்மகளாய் அம்மையார் அவதரித்தனர். யாண்டு சில கழிந்தபின் அவர்க்குத் தம்பியாராக மருணீக்கியார் தோன்றினர். அம்மையார்க்கு 12 வயது நிரம்பும் பருவத்தில், அரசனுடைய சேனைத்தலைவரும் சிவபத்தருமாகிய கலிப்பகையார் மணம்பேசி முதியோரை விடுத்தார். புகழனார் இசைந்தனர். மணவினை நிகழுமுன்னே அரசனாணையால் கலிப்பகையார் வடபுலத்துப் பகைவர்மேற் போருக்குச் சென்றார். போரும் நெடுநாள் நீண்டது.

அவ்விடையில் புகழனார் நோயுற்று உயிர்நீத்தார். மாதினியாரும் கணவரைப் பிரிந்து வாழ ஆற்றாராய் உடன் நீங்கினர். சுற்றத்தார் தேற்ற ஒருவாறு தேறியிருந்த அப்போழ்தில், கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தியும் எய்தியது. தந்தையும் தாயும் அவர்க்கே தம்மைக் கொடுக்க இசைந்தமையின் தம்முயிர் அவர்க்கே உரியதெனத் துணிந்து, அம்மையார் உயிர்விடக் கருதினார். தம்பியார் அடிவீழ்ந்து புலம்பி, தமக்கையாரையே தாயும் தந்தையுமாகக் கொண்டு தாம் உயிர் தாங்கியிருப்பதாகவும், அவர் தம்மைக் கைவிடின் தாம் அவர்க்கு முன்னரே உயிர்துறப்பதாகவும் கூறினார். தம்பியார் வாழவேண்டுமென்னும் தயையொன்றே அம்மையார் உயிரைத் தடுத்து நிறுத்தியது. பொன்னணி களைந்து, எல்லாவுயிர்க்கும் அருள்பூண்டு, மனையிலிருந்தே தவம் புரிவாராயினர்.

மருணீக்கியார் வளர்ந்து, நிலையாமையை உணர்ந்து, தம் பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தற்கும் குளத்திற்கும் சோலைக்கும் செலவிட்டார். பின்னர், மெய்ந்நெறி இதுவெனத் தெளியமாட்டாமையால், பாடலிபுரத்துச் சமணப்பள்ளியைச் சேர்ந்து, அந்நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் பெற்றார்.

இவ்விடத்து நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். இறந்தாரைக் குறித்த துயரம் காலத்தால் தணியும். எவர் பொருட்டு உயிர் சுமந்தோமோ அவரே உயிரோடிருந்து நம்மைவிட்டு அகன்றாராயின், அத்துயரோடு மனக்கசப்பும் வந்து கூடும். செய்ந்நன்றி மறந்தாரெனத் தம்பியாரை வெறுக்க அம்மையார்க்குக் காரணமுண்டு. வினையை நொந்து மனையிற் சோர்ந்திருக்கவும் காரணமுண்டு. இவ்விரண்டும் செய்திலர். சுற்றத்தொடர்பை நீத்துக் கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, சிவசின்னம் தரித்து, விடியுமுன் எழுந்து திருவலகிட்டும், சாணங்கொண்டு மெழுகியும், மலர் கொய்து மாலை தொடுத்தும் கைத்தொண்டு புரிந்து வாழ்ந்தார்.

சுமை என்பது துன்பநிகழ்ச்சியன்று. பிராரத்தம் உடல் உள்ளவளவும் வந்தே தீரும். அது வந்தபோது யான் இழந்தேன், எனது போயிற்று என்று உயிர் பற்றிக்கொள்ளும் பற்றே சுமை. அப்பற்றினின்று ஆகாமியம் முளைத்து, மேலும் மேலும் பாரம் ஏறும். இதனை மறதியாற் போக்கலாகாது. மறந்தது மீண்டும் நினைவில் எழும். சிவஞானபோதத்தின் 10-ம் சூத்திரம் இறைபணி நிற்றலைப் பாசநீக்கத்திற்கு வழியாகக் கூறியதன் கருத்து இதுவே. தன்செயலென ஒன்றின்றி அவன்பணியில் நிற்குமிடத்து, சுமப்பதற்கு யான் என்பதொன்று முனைந்து நில்லாது. அதன்பின் 11-ம் சூத்திரம் அயராத அன்பைக் கூறுதலும் நோக்கத்தக்கது. சுமை நீங்கியவிடத்து அன்பு வறளாது, தடையின்றிப் பெருகும்.

அற்றேல், பற்றற்ற அம்மையார் தம்பியாரைப் புறச்சமயக் குழியினின்றும் எடுத்தாளவேண்டுமென நாடோறும் வீரட்டானேசுவரரிடம் விண்ணப்பித்தது எற்றுக்கு எனின், கூறுதும். அம்மையார் தம்பியாரைத் தமக்கு உரியவராக மீளவேண்டிற்றிலர். இறைவனுக்கு உரியவராக வேண்டினர். தம்மாற் செய்யலாகாத காரியத்தைச் செய்யவல்லானிடம் ஒப்புவித்துத் தாம் துடைப்பத்தைக் கையிற் கொண்டனர். இறைவனும் கனவிற் றோன்றி, மருணீக்கியாரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக அருளினார்.

இவ்வுண்மைக்குத் தேர்வும் விரைவில் வந்தது. சூலை முடுகி, பள்ளியிலுள்ளார் மந்திரமும் பீலியும் பயன்படாதொழிய, தருமசேனர் தம் சமையற்காரனைத் தமக்கையார்பால் அனுப்பினார். நெடுநாள் எதிர்நோக்கிய செய்தி அது. பாசமாத்திரமே உடையாராயின் அக்கணமே ஓடியிருப்பர். அம்மையாரோ சமணப்பள்ளிக்குத் தாம் வாரேமென மறுத்துவிட்டனர். இம்மறுப்பு வன்னெஞ்சத்தால் எழுந்ததன்று. தாம் அங்குச் சென்றாற் கிடைப்பது தமக்கையின் தேறுதலே. அவர் இங்கு வந்தாற் கிடைப்பது இறைவன் திருவடி என்பதை அறிந்த அருளால் எழுந்தது. பாசம் தன் ஆற்றாமைக்கு மருந்து தேடும். அருள் பிறர்க்கு உறுதி தேடும். இரண்டும் கண்ணீர் வடித்தலால் ஒன்றுபோலத் தோன்றுவன.

மறுத்த அம்மையார், பாயும் பீலியும் குண்டிகையும் ஒழித்து வெண்டுகில் சுற்றி இருளிலே வந்து தம் அடியில் வீழ்ந்த தம்பியாரை எடுத்து, இது இறைவன் திருவருளெனத் தேற்றினர். சென்ற யாண்டுகளுக்குக் கணக்குக் கேட்டிலர். திருவைந்தெழுத்தோதித் திருநீறளித்து, திருப்பள்ளியெழுச்சிப்போதில், வழக்கம்போலவே திருவலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியாரையும் உடனழைத்துத் திருக்கோயிலுட் புகுந்தார். அன்று சூலை நீங்கிற்று, மருணீக்கியார் நாவுக்கரசராயினர். பிற்காலத்து அவர் திருக்கரத்தினின்றும் நீங்காத உழவாரம், அத்தமக்கையார் கையிலிருந்த அலகின் வழிவந்ததென்றே நாம் கொள்கின்றோம்.

துறவென்பது நெஞ்சம் உலர்ந்துபோதலென மயங்குவாரும், உறவினர் செய்த பிழைகளை ஆண்டாண்டாய்ச் சுமந்து பூசையிலும் அவற்றையே எண்ணுவாரும் நம்மிடையே உளர். அவ்விருவரும் அம்மையார் சரிதத்தைச் சிந்தித்தல் நலம். இறக்கத்தக்கது யான் எனது என்னும் பாரமேயன்றி அன்பன்று. அதனை இறக்கும் இடம் திருவடி. இறக்கும் வழி கையிற் கிடைத்த திருத்தொண்டு. நாளை விடியுமுன் எழுந்து ஒரு திருக்கோயிலை அலகிடத் தொடங்குவார்க்கு இது நூலின்றியும் விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.